வர்ஜீனியாவின் பக்கிங்ஹாம் கவுண்டியில் இறப்புப் பதிவுகளைத் தேடுவது எப்படி?

கேள்வி இது: "பக்கிங்ஹாம் கவுண்டியில், 'யோகாவில்' (Yogaville) என்ற ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, பழைய பண்ணை நிலம் ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்பக்க மரக்கூட்டத்துக்குள் சில கல்லறைகள் இருக்கின்றன. இரண்டில் மட்டும் எழுத்து இருக்கிறது, மற்றவை வெறும் கற்கள். இவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கவுண்டி ஆபீஸில் கேட்டால், இறப்புப் பதிவேடு எங்களிடம் இல்லை என்கிறார்கள். இன்னொன்று, எங்களோடு இருந்த மாமனார் போன வருடம் தவறிவிட்டார். ஊரில் பட்டா மாற்ற அவருடைய இறப்புச் சான்று கேட்கிறார்கள். அதை எங்கே வாங்குவது?"

கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஆபீஸில் சொன்னது உண்மைதான், உங்களைத் தட்டிக் கழிக்கவில்லை. அமெரிக்கக் கிராமப்புறங்களில் இறந்தவர்களைத் தேடுகிற பலரும் முதலில் முட்டிக்கொள்கிற இடம் இது. "அவர் எங்கே வாழ்ந்தார்" என்ற கேள்வியோடு போகிறோம். ஆனால் காகிதம் இருக்குமிடத்தை முடிவு செய்வது வேறு இரண்டு கேள்விகள். எங்கே உயிர் போனது? அந்தச் சாவை எழுதி வைக்க வேண்டிய தேவை அன்றைக்கு யாருக்கு இருந்தது? வரி வசூலிக்கிறவருக்கா, டாக்டருக்கா, சொத்தைப் பிரிக்கிற கோர்ட்டுக்கா, பென்ஷன் கேட்கிற விதவைக்கா? ஒவ்வொரு காலத்துக்கும் விடை மாறும். அதைப் பிடித்துக்கொண்டால் பக்கிங்ஹாம் போன்ற கவுண்டியிலும் நிறையக் கிடைக்கும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். வர்ஜீனியாவில் 95 கவுண்டிகளும் 38 தனி நகரங்களும் இருக்கின்றன. தனி நகரம் என்பது எந்தக் கவுண்டிக்கும் உட்பட்டதல்ல. வரைபடத்தில் கவுண்டியின் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் நிர்வாகத்தில் அது வேறு ஊர். பக்கிங்ஹாமில் ஒருவருக்கு உடம்பு மோசமானால் கொண்டுபோவது பெரும்பாலும் சார்லட்ஸ்வில் அல்லது லிஞ்ச்பர்க் ஆஸ்பத்திரிக்கு. இரண்டுமே தனி நகரங்கள். இல்லையென்றால் ஃபார்ம்வில், அது பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் இருக்கிறது. ஆக, வாழ்நாள் முழுவதும் பக்கிங்ஹாமை விட்டு நகராத ஒருவருடைய இறப்புச் சான்றில் இறந்த இடம் சார்லட்ஸ்வில் என்று இருக்கும். தேடும்போது கவுண்டிப் பெயரைக் கொடுத்து வடிகட்டினால் அவர் அகப்பட மாட்டார். காசநோய்க்காரர்கள் சானடோரியத்தில் இறந்தார்கள், மனநோயாளிகள் என்று அனுப்பப்பட்டவர்கள் ஸ்டான்டனிலோ பீட்டர்ஸ்பர்க் பக்கத்திலோ இறந்தார்கள். அதனால் பெயரையும் வருஷத்தையும் மட்டும் கொடுத்து மாநிலம் முழுக்கத் தேடுங்கள். இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. யோகாவிலை நிறுவிய சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்தவர். அவருடைய சமாதி பக்கிங்ஹாமில் இருக்கிறது, அந்தச் சன்னதிக்குச் சிதம்பரம் என்றே பெயர். ஆனால் அவர் 2002 ஆகஸ்ட் 19-ல் இறந்தது சென்னையில். அடக்கமான இடத்தை வைத்து வர்ஜீனியாவில் இறப்புச் சான்று தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. ஒரு கல்லறை சொல்வது உடல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். உங்கள் நிலத்தில் இருக்கும் கற்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது தீ விபத்து. பக்கிங்ஹாமின் பழைய கோர்ட் கட்டடம் தாமஸ் ஜெஃபர்சன் வடிவமைத்தது. 1869-ல் அது எரிந்தது. கவுண்டி உருவான 1761 முதல் சேர்த்து வைத்த உயில்கள், பத்திரங்கள், கோர்ட் நடவடிக்கைப் புத்தகங்கள் கிட்டத்தட்ட எல்லாம் அதோடு போயின. 1845-ல் பக்கிங்ஹாமின் ஒரு பகுதியையும் சேர்த்து உண்டாக்கிய அப்பமாட்டக்ஸ் கவுண்டியின் கோர்ட்டும் 1892-ல் எரிந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் தேடுகிறவர்கள் மனம் தளர்ந்து போவது இங்கேதான். "எரிந்துபோன கவுண்டி" என்று கேட்டதுமே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. எரிந்தது கவுண்டி வைத்திருந்த பிரதி. அதே தகவலின் இன்னொரு பிரதி வேறு ஊருக்குப் போயிருந்தால் அது தப்பித்திருக்கும். அப்படிப் போனவை கொஞ்சமில்லை.

இறப்புப் பதிவு அப்படிப்பட்ட ஒன்று. 1853-ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாக வரிக் கணக்கு எடுக்கப் போகிற வருவாய் அதிகாரியே, போன வருஷம் வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று கேட்டு எழுத வேண்டும். கவுண்டி கிளார்க் அதைப் புத்தகத்தில் ஏற்றி, ஒரு பிரதியை மாநிலத் தலைநகரான ரிச்மண்டுக்கு அனுப்ப வேண்டும். 1896 வரை இது நடந்தது. ரிச்மண்டுக்குப் போன பிரதிகள் இன்று வர்ஜீனியா மாநில நூலகத்தில் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. நூலகம் ரிச்மண்டில் கிழக்கு பிராட் தெருவில் இருக்கிறது, யாரும் போகலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் இந்தக் காலத்து இறப்புகளின் அட்டவணையை வீட்டிலிருந்தே தேடலாம்.

இந்தப் பதிவேட்டை நம்புகிற அளவைப் பற்றி ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஒரு முறை வாய்மொழியாகக் கேட்டு எழுதியது இது. பனிக்காலத்தில் இறந்த குழந்தையை மறு வருஷம் அதிகாரி வரும்போது சொல்ல மறந்திருப்பார்கள். குடும்பமே வேறிடம் போயிருந்தால் சொல்ல ஆளிருக்காது. வரி அதிகாரியிடம் அதிகம் பேசக் கூடாது என்று மூடிக்கொண்டவர்களும் உண்டு. அதனால் பதிவேட்டில் இல்லையென்றால் அந்த ஆள் அப்போது இறக்கவில்லை என்று அர்த்தமல்ல. தேதிகளிலும் மாதம் சரியாக இருந்து நாள் தவறியிருப்பது சகஜம். ஆனால் ஒரு வரி கிடைத்துவிட்டால் அதில் இருப்பது ஏராளம். பெயர், தேதி, இடம், காரணம், வயது, பெற்றோர் பெயர், தொழில், பிறந்த இடம், கணவன் அல்லது மனைவி, தகவல் சொன்னவர் யார், அவர் என்ன உறவு என்று குறுக்கே கட்டம் கட்டமாகப் போகும். கடைசி இரண்டு கட்டங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சொன்னவர் தகப்பனாரா, அண்டை வீட்டுக்காரரா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற கட்டங்களை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். பிறந்த இடம் என்ற கட்டம் இன்னொரு வகையில் உதவும். பக்கிங்ஹாமில் பிறந்து பக்கத்துக் கவுண்டியில் இறந்தவர் அங்கத்துப் பதிவேட்டில் "பிறப்பு: பக்கிங்ஹாம்" என்று நிற்பார். சுற்றியுள்ள அப்பமாட்டக்ஸ், கம்பர்லாந்து, ஃப்ளுவானா, நெல்சன், பிரின்ஸ் எட்வர்ட் பதிவேடுகளையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் நிலத்தில் எழுத்தில்லாத கற்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்லியே ஆக வேண்டும். உள்நாட்டுப் போருக்கு முன் பக்கிங்ஹாமின் மக்களில் பாதிக்கும் மேல் அடிமைகள். புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்து செத்தவர்களை அந்த நிலத்திலேயே ஒரு மேட்டிலோ காட்டோரத்திலோ புதைத்து, தலைமாட்டில் ஒரு காட்டுக் கல்லை நட்டுவிடுவார்கள். பெயர் செதுக்கிய கல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஏழை வெள்ளைக்காரக் குடும்பங்களும் அப்படித்தான் கல் நட்டார்கள். ஆகவே கல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்தச் சாத்தியத்தை மனதில் வைத்துத் தேட வேண்டும்.

1853 முதல் 1865 வரையிலான பதிவேட்டில் அடிமைகளின் சாவும் இருக்கிறது. எந்த வடிவத்தில் என்பதைப் பார்த்தால் மனம் கனத்துப் போகும். பெயர்க் கட்டத்தில் ஒரு ஒற்றைப் பெயர் இருக்கும், பல இடங்களில் அதுவும் இருக்காது. பக்கத்துக் கட்டத்தில் உரிமையாளரின் முழுப் பெயர் தெளிவாக இருக்கும். வயது இரண்டோ மூன்றோ, காரணம் கக்குவான் இருமல் அல்லது "தெரியாது". பெற்றோர் பெயர்க் கட்டம் காலி, இருந்தால் தாயின் பெயர் மட்டும். தகவல் சொன்னவர் "உரிமையாளர்". ஒரு குழந்தை உயிரோடு இருந்து செத்ததற்கு இந்த ஒரு வரியைத் தவிர உலகத்தில் வேறு சாட்சியே இல்லாமல் இருக்கலாம். இந்த வரிகளைத் தேட அடிமையின் பெயர் உதவாது, உரிமையாளரின் பெயர் வேண்டும். உங்கள் நிலம் 1850-களில் யாருடையது என்று தெரிந்தால், அந்தப் பெயரின் கீழ் வருகிற வரிகள் உங்கள் மரக்கூட்டத்துக்குள் இருப்பவர்களாக இருக்கக்கூடும். உறுதி சொல்ல முடியாது, ஆனால் தொடங்க அதைவிட நல்ல இடமில்லை.

அதனால் உங்கள் தேடல் உங்கள் கையிலிருக்கும் பத்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். பக்கிங்ஹாம் சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் பத்திரப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்களுக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். நம் ஊரில் மூலப்பத்திரம் பார்க்கிற அதே வேலைதான். போகிற வழியில் "கால் ஏக்கர் குடும்பக் கல்லறை நீங்கலாக" என்பது போன்ற வாசகம் வந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரத்தில் யார் விற்றாரோ அவருடைய குடும்பம்தான் அங்கே கிடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 1869-க்கு வந்ததும் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் தீக்குப் பிறகு கையில் அசல் பத்திரம் வைத்திருந்த சிலர் அதை மறுபடி கொண்டுவந்து பதிந்தார்கள். அதனால் 1870-களின் புத்தகத்துக்குள் பழைய பத்திரம் ஒன்று இருக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள்.

அதற்கும் பின்னால் போக வரிப் பட்டியல்கள் இருக்கின்றன. நில வரி, அசையும் சொத்து வரி இரண்டும் 1782 முதல் வருஷா வருஷம் எடுக்கப்பட்டவை. இவற்றுக்கும் மாநிலப் பிரதி உண்டு, ஆகவே பக்கிங்ஹாமுக்கும் இருக்கின்றன. இறப்பைத் தேட இதை எப்படிப் பயன்படுத்துவது என்றால், ஒருவருடைய பெயரை வருஷம் வருஷமாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு வருஷம் அவர் பெயருக்குப் பின்னால் "எஸ்டேட்" (இறந்தவர் விட்டுப்போன சொத்து) என்று சுருக்கமாக எழுதியிருக்கும், அல்லது அவருடைய இடத்தில் மனைவியின் பெயர் வந்திருக்கும். அவர் அந்த வருஷத்துக்கும் முந்தின வருஷத்துக்கும் நடுவில் இறந்திருக்கிறார். நாள் கிடைக்காது, ஆனால் உயில் புத்தகமே எரிந்துபோன கவுண்டியில் இறந்த வருஷம் கிடைப்பதே பெரிய விஷயம்.

கூடவே இரண்டு பதிவுகள். மத்திய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்த 1850, 1860, 1870, 1880 ஆகிய நான்கு தடவையும், அந்த ஜூன் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் வீட்டில் இறந்தவர்களைத் தனிப் பட்டியலாக எழுதினார்கள். பத்து வருஷத்தில் ஒரு வருஷத்தை மட்டும் காட்டுகிற சாளரம் என்றாலும், அதில் விழுந்தவருக்கு மாதமும் நோயும் தெரிந்துவிடும். இன்னொன்று சான்சரி வழக்குகள். பாகப்பிரிவினை, கடன், உயில் தகராறு என்று கோர்ட்டுக்குப் போனவை. "தாத்தா இன்ன வருஷம் இறந்தார், அவருக்கு ஏழு பிள்ளைகள், மூத்தவர் மிசோரிக்குப் போய் அங்கே இறந்தார், அவர் பிள்ளைகள் இன்னார்" என்று ஒரே மனுவில் மூன்று தலைமுறைச் சாவும் வரும். மாநில நூலகம் இந்த வழக்குகளுக்கு இலவச இணைய அட்டவணை வைத்திருக்கிறது. எரிந்த கவுண்டிக் குடும்பத்தின் வழக்கு பக்கத்துக் கவுண்டியில் நடந்திருக்கலாம் என்பதால், குடும்பப் பெயரைக் கொடுத்து எல்லாக் கவுண்டியிலும் தேடுங்கள்.

1896-லிருந்து 1912 ஜூன் 14 வரை வர்ஜீனியாவில் மாநில அளவில் இறப்புப் பதிவே இல்லை. பழைய சட்டம் போய்விட்டது, புதியது வரவில்லை. சில நகரங்கள் சொந்தமாகப் பதிவு செய்தன, கிராமப்புறக் கவுண்டிகளுக்கு அந்தப் பதினாறு வருஷம் வெற்றிடம். "சான்று கிடைக்கவில்லை" என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காலத்துக்குச் சான்றை மறந்துவிட்டுச் சுற்றுவழியில் போக வேண்டும். 1900, 1910 கணக்கெடுப்பில் பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். இரண்டு கணக்கையும் ஒப்பிட்டால் நடுவில் எத்தனை பிள்ளைகளை இழந்தாள் என்பது தெரியும். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்காகப் போரிட்ட கான்ஃபெடரேட் படையில் இருந்தவர்களின் விதவைகள் 1888-க்குப் பிறகு மாநிலத்திடம் பென்ஷன் கேட்டு விண்ணப்பித்தார்கள், அதில் கணவன் இறந்த தேதியும் காரணமும் எழுத வேண்டும். இந்த விண்ணப்பங்கள் மாநில நூலகத் தளத்தில் படமாகவே கிடைக்கின்றன. ஃபார்ம்வில் ஹெரால்ட் 1890-லிருந்து வருகிற பத்திரிகை. பழைய வர்ஜீனியப் பத்திரிகைகள் பலவற்றை மாநில நூலகம் வர்ஜீனியா குரோனிக்கிள் என்ற இலவசத் தளத்தில் ஏற்றியிருக்கிறது. அதில் ஆள் பெயரோடு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். நியூ கேன்டன், ஆர்வோனியா, டில்வின் என்ற தலைப்புகளில் வந்த சின்னச் சின்ன ஊர்ச் செய்திகளில்தான் "போன செவ்வாய் இன்னார் அடக்கம் நடந்தது" என்று இருக்கும். சர்ச் பதிவுகளும் உண்டு. ஆனால் இந்தப் பக்கம் அதிகமாக இருந்த பாப்டிஸ்ட் சபைகள் சாவைத் தனியாகப் பதிவதில்லை. உறுப்பினர் பட்டியலில் பெயருக்கு எதிரே "இறந்தார்" என்று ஒரு குறிப்பு இருக்கலாம், அவ்வளவுதான்.

1912 ஜூன் 14-க்குப் பிறகு பாதை நேராகிவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாவுக்கும் தனிச் சான்று, மாநிலச் சுகாதாரத் துறையிடம். சட்டப்படி இறந்து 25 வருஷம் ஆனால் சான்று பொதுப் பதிவாகிவிடும், யாரும் பார்க்கலாம். 1912 முதலான சான்றுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரி தளத்தில் இருக்கின்றன. சந்தா கட்ட வேண்டாம் என்றால் பொது நூலகத்தில் அந்தத் தளம் இலவசமாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள், பல ஊர்களில் கிடைக்கிறது. அட்டவணையோடு நிறுத்தாமல் படத்தைத் திறந்து பாருங்கள். அட்டவணை எழுதியவர் கையெழுத்தைத் தவறாகப் படித்திருக்கலாம், பல தகவல்களை எடுக்காமலே விட்டிருப்பார்.

படத்தைத் திறந்ததும் எந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்று பிரித்துப் பாருங்கள். இறந்த தேதி, காரணம், நோய் எத்தனை நாள் இருந்தது என்பதை டாக்டர் எழுதி வலப்பக்கம் கையெழுத்துப் போட்டிருப்பார். அது பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் வீட்டுக்காரர் ஒருவர் துக்கத்தின் நடுவில் சொன்னது. மருமகன் சொல்லியிருந்தால் மாமியாரின் தாய் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? "தெரியாது" என்று இருந்தால் அது நேர்மையான பதில். கீழே அடக்கம் செய்த இடம், அடக்கத்தை நடத்தியவர் பெயர். உங்களுக்கு மிக முக்கியமான கட்டம் இதுதான். "வீட்டு நிலத்தில்", "குடும்பக் கல்லறை" என்று இருந்து, அந்தக் குடும்பம் உங்கள் பத்திரச் சங்கிலியில் வருகிற குடும்பமாக இருந்தால், எழுத்தில்லாத கல் ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று ஓரளவு சொல்லலாம். 1918 அக்டோபர், நவம்பர் சான்றுகளை வரிசையாகத் திருப்பினால் இன்ஃப்ளுயன்சா, நிமோனியா என்று அடுத்தடுத்து வரும். ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் இருவர் இருப்பார்கள். அதனால் ஒருவரைக் கண்டுபிடித்ததும் முன்னும் பின்னும் சில பக்கங்களைப் பாருங்கள்.

இனம் என்ற கட்டத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 1912 முதல் 1946 வரை மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவர் வால்ட்டர் பிளெக்கர். இனத் தூய்மை வெறி கொண்டவர். 1924-ல் வந்த இனத் தூய்மைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, வர்ஜீனியாவில் பூர்வகுடி இந்தியர் என்று யாருமே மிச்சமில்லை, எல்லாரும் கறுப்பர்கள்தான் என்று பதிவுகளை மாற்றச் சொன்னார். கவுண்டி வாரியாகக் குடும்பப் பெயர்ப் பட்டியல் போட்டு 1943-ல் அதிகாரிகளுக்கு அனுப்பினார். பக்கிங்ஹாமிலிருந்து அதிக தூரமில்லாத ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டியின் மொனக்கன் மக்கள் இதனால் காகிதத்தில் தங்கள் அடையாளத்தையே இழந்தார்கள். மத்திய அரசின் அங்கீகாரம் அவர்களுக்கு 2018-ல்தான் கிடைத்தது. அப்பா பூர்வகுடி, மகன் கறுப்பர் என்று இரண்டு சான்று வந்தால் ஆள் மாறிவிட்டது என்று ஒதுக்காதீர்கள். மாறியது அதிகாரியின் பேனாவாக இருக்கலாம்.

இனிக் கற்கள். ஆர்வோனியா பக்கம் ஸ்லேட் கல் சுரங்கங்கள் 19-ம் நூற்றாண்டிலிருந்தே பேர் போனவை, வேல்ஸிலிருந்து கல் தொழிலாளிகள் வந்து குடியேறினார்கள். இந்த வட்டாரத்தில் தலைக்கல் கருநீல ஸ்லேட்டில் இருந்தால் எழுத்து நூறு வருஷம் கழித்தும் கூர்மையாக நிற்கும். பளிங்கு அப்படியில்லை, மழையில் கரைந்து மழுங்கிவிடும். எழுத்து மங்கியிருந்தால் சாக்குக்கட்டி தேய்ப்பது, ஷேவிங் நுரை பூசுவது எதுவும் வேண்டாம், கல் பாழாகும். பொழுது சாயும் நேரத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படம் எடுங்கள். கண்ணாடியால் வெயிலைக் கல்லின் மேல் சாய்த்து அடித்தாலும் போதும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து நிழலாக எழும். எழுத்தில்லாத கற்களையும் எண்ணி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரையுங்கள். கிழக்கு மேற்காகக் குழிந்த தரை, தரையோடு படர்ந்த பெரிவிங்கிள் கொடி, யக்கா, பழைய செடார் மரம் இவை இருந்தால் கல்லறைப் பரப்பு நீங்கள் நினைப்பதைவிடப் பெரியதாக இருக்கலாம். அங்கே தோண்டவோ கற்களை நகர்த்தவோ செய்யாதீர்கள். வர்ஜீனியாவில் புதைகுழியைக் கலைப்பது கடுமையான கிரிமினல் குற்றம். சந்தேகம் வந்தால் மாநில வரலாற்று வளத்துறையைக் கூப்பிடுங்கள். உங்கள் நிலமானாலும், அங்கே புதைந்தவர்களின் வாரிசுகளும் வம்ச ஆய்வு செய்பவர்களும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து பார்க்க மாநிலச் சட்டம் உரிமை கொடுக்கிறது. அப்படி யாராவது வந்தால் வரவேற்று உட்கார வையுங்கள். உங்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத பெயர்கள் அவர்கள் வாயில் இருக்கும். 1930-களில் அரசு வேலைத் திட்டத்தில் வந்தவர்கள் வர்ஜீனியா முழுக்கப் பழைய வீடுகளையும் கல்லறைகளையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளும் மாநில நூலகத் தளத்தில் இருக்கின்றன. அன்று நின்ற கல் இன்று விழுந்திருக்கலாம், எழுத்து அதில் இருக்கும்.

சமீபத்தில் இறந்தவர்களுக்கு வருவோம். 25 வருஷம் ஆகாத சான்று நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும்தான். வெளியார் கேட்டால் தரமாட்டார்கள். ஆனால் உங்களுக்கு விற்றவரின் தாயார் எப்போது இறந்தார் என்பது போன்ற கேள்விக்குச் சான்றே தேவையில்லை. உயிலும், உயில் இல்லாமல் இறந்தவருக்குப் பதிகிற வாரிசுப் பட்டியலும் சர்க்யூட் கோர்ட் கிளார்க்கிடம் பொதுப் பதிவாக இருக்கின்றன. வாரிசுப் பட்டியலில் பெயர், உறவு, வயது, முகவரி எல்லாம் இருக்கும். இரங்கல் அறிவிப்புகளை இப்போது அடக்கம் நடத்தும் நிறுவனங்களே தங்கள் தளத்தில் போடுகின்றன. ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் கல்லின் படம் கிடைக்கலாம். சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்பு அட்டவணையும் உதவும், ஆனால் 2014-லிருந்து ஒருவர் இறந்து மூன்று வருஷம் வரை அந்த விவரத்தைப் பொதுவில் விடுவதில்லை. அதோடு அண்மைக் காலச் சாவுகள் பல அதில் வருவதே இல்லை.

உங்கள் மாமனார் விஷயம் இதையெல்லாம்விட எளிது. வர்ஜீனியாவில் கவுண்டி கரோனர், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் கவுண்டி அதிகாரி, கிடையாது. சாதாரண மரணமென்றால் பார்த்த டாக்டர் காரணத்தை எழுதுவார், அடக்கம் நடத்தும் நிறுவனம் மாநிலத்திடம் பதிந்துவிடும். விபத்து, திடீர் மரணம் என்றால் மாநிலத் தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் பார்க்கும். தகனம் செய்வதற்கும் மருத்துவ ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும், அதனால் தகனம் நடந்திருந்தால் அந்தக் கட்டம் முடிந்திருக்கிறது என்று பொருள். சான்றின் பிரதிகளை முதலில் அந்த நிறுவனத்திடமே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவர்கள் வாங்கித் தருவார்கள். இல்லையென்றால் பக்கத்து டி.எம்.வி. அலுவலகத்துக்குப் போகலாம். ஓட்டுநர் உரிமம் தருகிற அதே இடம்தான், இறப்புச் சான்றும் தருகிறார்கள். மாமனார் என்பதால் உங்கள் மனைவி, அதாவது மகள், போவது நல்லது. அவருடைய அடையாள அட்டையும் தந்தை–மகள் உறவைக் காட்டும் காகிதமும் கையில் இருக்கட்டும். அவர் இறந்தது சார்லட்ஸ்வில் ஆஸ்பத்திரியிலா வீட்டிலா என்பதை விண்ணப்பத்தில் சரியாக எழுதுங்கள்.

பிரதி வாங்குவதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, பட்டாவில் இனிஷியலோடு வேறு வரிசை, அமெரிக்கக் காகிதத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்களோ அதுவே சான்றில் ஏறியிருக்கும். தவறிருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள், தாலுகா ஆபீஸில் போய் நின்ற பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். அப்புறம் ஊரில் செல்லுபடியாக, மாநிலம் கொடுத்த சான்றிட்ட பிரதியை ரிச்மண்டில் காமன்வெல்த் செயலாளர் அலுவலகத்துக்கு அனுப்பி அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வழிசெய்கிற அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லிருந்து இருக்கிறது. நகலெடுத்த காகிதத்துக்கு முத்திரை போட மாட்டார்கள், அசல் பிரதி வேண்டும். வங்கி, காப்பீடு, பட்டா என்று ஒவ்வொருவரும் அசல் கேட்பார்கள் என்பதால் நாலைந்து பிரதியாகவே வாங்கி, அதில் இரண்டுக்கு முத்திரை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லறைகளைப் பொறுத்தவரை, எழுத்துள்ள அந்த இரண்டு கற்களின் படத்தையும், உங்கள் பத்திரத்தில் வருகிற முந்தைய உரிமையாளர்களின் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள். 1853 பதிவேட்டில் எந்த உரிமையாளரின் பெயரில் தேடத் தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.